குளிர்கால வேலை நாள்களுக்கு ஒரே பாத்திர இரவுணவு: வரிசை தவறாமல் சமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்குச் சூடாக, வயிறு நிறைய ஒரு வேளை உணவு வேண்டும். உண்டு முடித்த பின் கழுவுவதற்குப் பாத்திரங்கள் குவிந்திருக்கவும் கூடாது. பருப்பும் கிழங்கும் கீரையும் ஒன்றாக வெந்த கெட்டியான சூப் இந்த இரண்டு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றும். அடுப்பில் அது இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி. அதில் அடுப்பருகே நின்று கைவேலை செய்ய வேண்டிய நேரம் பாதிக்கும் குறைவு.

புதிதாகச் சமைப்பவர்களைக் கவனித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அளவுகளில் அவர்கள் தடுமாறுவது குறைவு. எதை எப்போது பாத்திரத்தில் இடுவது என்பதில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி வரிசையையே முதன்மையாகக் கொள்கிறது. வரிசை பிடிபட்டுவிட்டால் பருப்பையும் காயையும் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

1. நான்கு பேருக்கு வேண்டிய பொருள்கள்

தோல் நீக்காத முழு மசூர் பருப்பு 200 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, கேரட் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், நடுத்தர உருளைக்கிழங்கு மூன்று, ஏதேனும் ஒரு கீரை அல்லது முட்டைக்கோஸ் 150 கிராம், பூண்டு நான்கு பல், தக்காளி இரண்டு, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒரு தேக்கரண்டி, பிரிஞ்சி இலை ஒன்று, மிளகு, உப்பு, பாதி எலுமிச்சை, தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

முழு மசூர் பருப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதை ஊற வைக்க வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் வெந்துவிடும். வெந்த பிறகும் ஓரளவு உருக்குலையாமல் நிற்கும். தோல் நீக்கி உடைத்த சிவப்பு மசூர் பருப்பு பதினைந்து இருபது நிமிடங்களில் குழைந்து கரைந்துவிடும். அதுவும் நல்லதே, ஆனால் அப்போது காய்களைப் பருப்போடு சேர்த்தே போட வேண்டியிருக்கும். கீழே சொல்லும் இடைவெளிகள் பொருந்தா.

பருப்பு பழையதாக இருந்தால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் மையத்தில் கல்போல் நிற்கும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த பொட்டலத்தை வேலை நாளில் எடுத்துச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

2. முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

மசூர் பருப்பைப் பயன்படுத்தினால் முந்தைய நாள் வேலை எதுவும் இல்லை. கொண்டைக்கடலை, ராஜ்மா போன்ற பெரிய பயறுகளை விரும்புகிறவர்கள் முதல் நாள் இரவே அவற்றை ஊற வைக்க வேண்டும். ஊறும் தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்தால் தோல் மென்மையாகும். உப்பு பயற்றைக் கடினமாக்கிவிடும் என்று பரவலாக நம்பப்பட்டாலும் அது சரியன்று. பயற்றைக் கடினமாகவே வைத்திருப்பவை புளிப்பும், தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும்தான்.

சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் கண்டிப்பான ஒரு விதி உண்டு. சரியாக வேகாத ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த நச்சுப்பொருள் இருக்கிறது. சில பயறுகளே கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே சூப்பில் சேர்க்க வேண்டும். மிதமான வெப்பத்தில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரங்களில் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போடுவது ஆபத்து, ஏனெனில் அங்கே வெப்பம் போதிய அளவு உயராமல் போகலாம். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது. அதில் இந்தக் கவலை இல்லை.

வார விடுமுறையில் ஒரு கிலோ வெங்காயத்தை நறுக்கி வதக்கிச் சிறு டப்பாக்களில் உறைய வைத்துக்கொள்வது என் பார்வையில் மிகவும் பயன்தரும் முன்னேற்பாடு. இந்தச் சமையலில் நீண்ட நேரம் கைவேலை கேட்கும் கட்டம் அதுதான். மற்ற காய்களை முன்கூட்டியே நறுக்கி வைப்பதால் பெரிய லாபம் எதுவும் இல்லை. நறுக்கிய உருளைக்கிழங்கு கறுக்கவும் செய்யும்.

3. பாத்திரமும் அடுப்பும்

நான்கு அல்லது ஐந்து லிட்டர் கொள்ளும், மூடியுள்ள, அடிகனமான பாத்திரம் வேண்டும். மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் அதிகமாகச் சூடாகிறது. பருப்பின் மாவுச்சத்து கீழே இறங்கித் தங்கும்போது அந்த இடத்தில்தான் முதலில் கருகும். மெல்லிய பாத்திரம் மட்டுமே கைவசம் இருந்தால் தீயை இன்னும் குறைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள்.

கொள்ளளவைக் குறைத்துக்கொள்வது அடிக்கடி நேரும் தவறு. பாத்திரம் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்தால் கிளற இடமிருக்காது. பருப்பு நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும்.

4. நறுக்குவதற்கு முன்பே அடுப்பைப் பற்ற வைப்பது

எல்லாவற்றையும் நறுக்கி அடுக்கிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று பலருக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் வறுவலுக்கு அது சரியான அறிவுரை. இந்தச் சூப்புக்கு அது நேர விரயம். பசியோடு வந்தவர் அரை மணி நேரம் வெட்டுப்பலகை முன் நின்று சோர்ந்துபோவார், அடுப்போ சும்மா கிடக்கும்.

இங்கே செய்ய வேண்டியது, பாத்திரத்தில் விழும் வரிசையிலேயே நறுக்குவது. முதலில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைத் தனியே கொதிக்க வையுங்கள். அது சூடாகும் நேரத்தில் வெங்காயத்தையும் செலரியையும் நறுக்குங்கள், பூண்டைத் தட்டி வையுங்கள், சீரகத்தூளை அளந்து வையுங்கள், பருப்பைக் கல் பார்த்துக் கழுவுங்கள். இவை மட்டும் தயாரானால் சமையலைத் தொடங்கிவிடலாம். வெங்காயம் வதங்கும்போது கேரட்டையும், பருப்பு கொதிக்கும்போது உருளைக்கிழங்கையும் கீரையையும் நறுக்கிக்கொள்ளப் போதிய நேரம் கிடைக்கும்.

பூண்டும் சீரகத்தூளும் முன்கூட்டியே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், அவற்றின் கட்டம் ஒரு நிமிடம்தான் நீடிக்கும். அந்த ஒரு நிமிடத்தில் பூண்டை உரிக்கத் தொடங்கினால் வெங்காயம் கருகிவிடும்.

கேரட், உருளைக்கிழங்குத் துண்டுகள் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். அவை அழகான சதுரங்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரே காயின் துண்டுகள் தமக்குள் ஒத்த அளவில் இருந்தால் போதும், இல்லாவிட்டால் பெரியது வேகும் முன் சிறியது கரைந்துபோகும்.

5. வெங்காயம்: அவசரப்படக் கூடாத ஒரே கட்டம்

பாத்திரத்தை நடுத்தரத் தீயில் வைத்து எண்ணெய் ஊற்றி, அது சூடானதும் வெங்காயத்தையும் செலரியையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்க்க வேண்டும். உப்பு வெங்காயத்திலிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அதனால் தொடக்கத்தில் கருகாமல் சீராக வதங்கும்.

முதல் ஐந்து நிமிடங்களில் வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும். பெரும்பாலான புதியவர்கள் இங்கேயே தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். பிறகு சூப் சப்பென்று இருக்கிறது என்று மசாலாவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். குறைபாடு மசாலாவில் இல்லை. தண்ணீர் கொதிக்கும் வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். உணவு வேகமாகப் பழுப்பேறி, வறுத்த மணமும் ஆழமான சுவையும் தோன்ற 140 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். தண்ணீர் விழுந்த பிறகு பாத்திரத்துக்குள் அந்த வெப்பம் எட்டவே எட்டாது. ஆகவே வறுபட்ட சுவை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் தண்ணீருக்கு முன்பே உண்டாக்கிவிட வேண்டும்.

அதற்குக் கண்ணாடிநிலைக்குப் பிறகும் ஐந்து முதல் ஏழு நிமிடங்கள் பொறுக்க வேண்டும். வெங்காயத்தின் ஓரங்கள் பொன்னிறமாகி, பாத்திரத்தின் அடியில் மெல்லிய பழுப்புப் படலம் பிடித்திருந்தால் சரியான பதம். அந்தப் படலம் கறுக்கத் தொடங்கினால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டி, தீயைச் சற்றுக் குறைத்துத் தொடரலாம்.

தீயைக் கூட்டி இந்தக் கட்டத்தைச் சுருக்க முயன்றால் ஓரம் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். நேரமே இல்லாத நாளில் உறைய வைத்த வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குக் குறுக்குவழி அது ஒன்றுதான்.

6. பூண்டு, சீரகத்தூள், தண்ணீர்

வெங்காயம் பதமானதும் பூண்டையும் சீரகத்தூளையும் சேர்த்து, மணம் எழும்வரை, அதாவது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்வரை கிளற வேண்டும். மசாலாப் பொருள்களின் மணம் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைகிறது. அதனால்தான் எண்ணெய் சூடாக இருக்கும்போதே அவற்றைப் போடுகிறோம். பூண்டை வெங்காயத்தோடு தொடக்கத்திலேயே போட்டால் வெங்காயம் பொன்னிறமாகும் முன்பே பூண்டு கருகிக் கசக்கும்; அந்தக் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது.

உடனே கொதிக்கும் தண்ணீரில் ஒரு கோப்பை ஊற்றி, அடியில் பிடித்த பழுப்பு முழுவதையும் சுரண்டிக் கரைத்துவிடுங்கள். இது வெறும் சுத்தப்படுத்தலன்று. இதுவரை நின்று வதக்கியதன் பலன் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது; மேலும் அதைக் கரைக்காமல் பருப்பை இட்டால் அதன்மேல் மாவுச்சத்து படிந்து அடிப்பிடிக்கும்.

பிறகு பருப்பு, பிரிஞ்சி இலை, மீதித் தண்ணீர், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருப்பதால் பாத்திரம் மீண்டும் கொதிநிலைக்கு வரச் சில நிமிடங்களே ஆகும். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இந்த இடத்தில் வீணாகக் காத்திருக்க நேரும். தண்ணீருக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய சூப் கட்டியையோ ஸ்டாக்கையோ பயன்படுத்தினால் உப்பை இப்போது போடவே வேண்டாம், ஏனெனில் அவற்றில் ஏற்கெனவே உப்பு மிகுதியாக இருக்கும்.

7. தீயைக் குறைப்பதும் காய்களின் வரிசையும்

முதல் கொதி வந்ததும் மேலே எழும் நுரையை எடுத்துவிட்டு, அங்கங்கே சிறு குமிழிகள் மட்டும் எழும் அளவுக்குத் தீயைத் தணித்து, ஆவி வெளியேறச் சிறு இடைவெளி விட்டு மூடுங்கள். தளதளவென்று கொதிப்பதால் பருப்பு வேகமாக வேகாது. எப்படிக் கொதித்தாலும் தண்ணீரின் வெப்பம் 100 டிகிரிக்கு மேல் போகாது. ஆவியாகும் தண்ணீரின் அளவு கூடும், பருப்பு மோதி உடையும், அடி பிடிக்கும். வேறு பலன் இல்லை. மலைப்பகுதியில் வசிப்பவர்களுக்குத் தண்ணீர் இதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால், இங்கே சொல்லும் நேரங்களை நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கடிகாரத்தைப் பாருங்கள். பருப்பு கொதிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் கேரட். அதற்கு ஐந்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கு. அப்போதிருந்து பதினைந்து நிமிடத்தில் மூன்றும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெந்திருக்கும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்படியும் சாப்பிடலாம்தான், ஆனால் பருப்பு வேகும் நேரத்தில் உருளைக்கிழங்கு விளிம்பிழந்து கரைந்திருக்கும், பாத்திரத்தில் எதைக் கடித்தாலும் ஒரே மென்மையாக இருக்கும். பருப்பு, கேரட், கிழங்கு ஆகிய மூன்றும் வாயில் தனித்தனியாகத் தெரிவதற்காகத்தான் இந்த இரண்டு இடைவெளிகள்.

வெந்ததா என்று பார்க்க ஒரு பருப்பை மட்டும் எடுத்துச் சுவைக்காதீர்கள். வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கைந்து எடுத்து விரலால் நசுக்குங்கள். ஒன்றிலாவது மையத்தில் கடினம் தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் இது உறுதியாக வேண்டும். காரணம் கீழே.

8. புளிப்பு, கீரை, பால் பொருள்கள்: கடைசிப் பத்து நிமிடம்

தக்காளியை வெங்காயத்தோடு வதக்கிவிடும் பழக்கம் நம் கைகளில் ஊறிப்போனது; பருப்பு நிறைந்த இந்தச் சூப்பில் அதுவே மிகப் பெரிய தடங்கலாகிறது. காய்களின் செல்களையும் பருப்பின் செல்களையும் ஒட்டவைத்திருக்கும் பெக்டின், புளிப்பு இருக்கும் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. அதனால் ஒரு மணி நேரம் கொதித்தாலும் பருப்பு நெகிழாமல் நிற்கும், உருளைக்கிழங்கின் விளிம்பு விறைப்பாகவே இருக்கும். அடுப்பின் மீதும் கடைக்காரர் மீதும் சந்தேகம் எழுவது இந்த இடத்தில்தான்.

பருப்பு முழுதும் வெந்த பிறகு தக்காளியைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து எட்டு முதல் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போக அது போதும். வதக்கிய தக்காளியின் சுவையே வேண்டும் என்பவர்கள் சிறு வாணலியில் தனியே வதக்கி இந்த நேரத்தில் ஊற்றலாம். ஒரு பாத்திரம் கூடுதலாகக் கழுவ வேண்டிவரும், அவ்வளவுதான்.

முட்டைக்கோஸ், தடித்த கீரை என்றால் தக்காளியோடு சேர்த்தே போடலாம். பாலக் போன்ற மெல்லிய கீரைக்குக் கடைசி இரண்டு நிமிடம் போதும். உறைந்த பச்சைப் பட்டாணி சேர்ப்பதானால் கடைசி மூன்று நிமிடத்தில். அதற்கு மேல் போனால் அதன் நிறம் மங்கிவிடும்.

பால், கிரீம், தயிர் எதைச் சேர்ப்பதானாலும் அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். தக்காளியின் புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பால் திரிந்துவிடும். முதலில் ஒரு கரண்டி சூடான சூப்பைத் தயிரிலோ கிரீமிலோ கலந்து, அது வெதுவெதுப்பானதும் பாத்திரத்தில் ஊற்றினால் திரியாமல் கலக்கும். கொழுப்பு மிகுந்த கிரீம் எளிதில் திரியாது; கொழுப்பு நீக்கிய பால்தான் முதலில் திரியும்.

எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் கடைசி. கொதியில் அதன் மணம் ஆவியோடு போய்விடும்.

9. உப்பையும் கெட்டியையும் சரிபார்த்தல்

உப்பை இரண்டு தவணையாகப் போட வேண்டும். தொடக்கத்தில் போட்டது பருப்புக்குள்ளும் கிழங்குக்குள்ளும் ஊறுவதற்கு. கடைசியில் போடுவது சாற்றின் சுவைக்கு. முழுவதையும் கடைசியில் போட்டால் சாறு கரிக்கும், உருளைக்கிழங்கு உப்பில்லாமல் இருக்கும். முழுவதையும் தொடக்கத்திலேயே போட்டால் தண்ணீர் வற்ற வற்ற எவ்வளவு கரிக்கும் என்று கணிக்க முடியாது.

சுவை பார்க்கும்போது ஒரு கரண்டிச் சூப்பைச் சிறு கிண்ணத்தில் ஊற்றிச் சற்று ஆறவிட்டுப் பாருங்கள். நாக்கைச் சுடும் சூட்டில் உப்பு சரியாகத் தெரியாது. ஏதோ குறைகிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்றால் முதலில் கால் தேக்கரண்டி உப்பு, அதன் பிறகும் சப்பென்றிருந்தால் எலுமிச்சை. இந்த இரண்டையும் பார்க்காமல் மசாலாப் பொடிகளைத் தேடிப் போவது வீண்வேலை.

கெட்டி போதவில்லை என்றால் சோளமாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. இரண்டு கரண்டிப் பருப்பையும் கிழங்கையும் பாத்திரத்தின் ஓரத்திலேயே மரக்கரண்டியால் மசித்துக் கலக்குங்கள். அதிலிருக்கும் மாவுச்சத்தே சாற்றைத் திரட்டிவிடும். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்தால் இன்னும் இறுகும். ஆகவே அடுப்பில் இருக்கும்போது சரியான பதத்தைவிடச் சிறிது நீர்த்து இருப்பதே நல்லது.

உப்பு கூடிவிட்டால் ஒரு முழு உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கிழங்கு உப்பைத் தேர்ந்தெடுத்து உறிஞ்சுவதில்லை. தன்னுள் புகும் சாற்றோடு சேர்த்துத்தான் சிறிது எடுத்துக்கொள்கிறது, அதனால் சாற்றின் கரிப்பு குறையாது. கொதிநீர் ஊற்றி, உப்பில்லாமல் வேகவைத்த பருப்பையோ கிழங்கையோ கூட்டி அளவைப் பெருக்குவது ஒன்றே வழி.

அடி கருகிய வாசனை வந்தால் கிளறவே கூடாது. அடுப்பை அணைத்து, மேலேயுள்ள சூப்பை மட்டும் அடியைத் தொடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பதற்றத்தில் அடியைச் சுரண்டுகிறவர்கள் தப்பியிருக்கும் பகுதியையும் கெடுத்துவிடுகிறார்கள்.

10. இறைச்சி சேர்ப்பவர்களுக்கு

வேலை நாளுக்கு ஏற்றது எலும்போடு கூடிய கோழித்தொடை. அதைக் கழுவ வேண்டாம்; கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமிகளைத் தொட்டியிலும் மேடையிலும் பரப்பும், வெப்பம் அவற்றை எப்படியும் அழித்துவிடும். ஈரத்தை ஒற்றி எடுத்து உப்புத் தடவி, வெங்காயத்துக்கு முன்பாகவே அதே எண்ணெயில் இருபுறமும் பழுப்பாக வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். ஈரமாக இருந்தால் வறுபடாமல் வேகத் தொடங்கும். பாத்திரத்தை நெருக்கி நிரப்பினாலும் அதே கதிதான். இரண்டு தவணையாக வறுக்கலாம். பருப்பைப் போடும்போது கோழியையும் திரும்பப் போட்டால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் இரண்டும் வெந்துவிடும். எலும்பையொட்டிய தடித்த பகுதியின் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை.

கோழியின் நெஞ்சுக்கறி நீண்ட நேரம் கொதித்தால் நார்நாராக வறண்டுபோகும். அதைக் கடைசிப் பதினைந்து முதல் இருபது நிமிடம் முழுத்துண்டாக வேகவைத்து எடுத்துப் பிய்த்துச் சேருங்கள். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் வேறு வகை. அவற்றிலிருக்கும் கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆனால்தான் கறி மென்மையாகும். அதற்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். வேலை நாளில் அதற்குப் பிரஷர் குக்கரைத்தான் நாட வேண்டும்.

11. பிரஷர் குக்கரில் செய்வதானால்

வதக்கும் கட்டங்கள் அப்படியே குக்கரில் நடக்கும். மாற வேண்டியவை நான்கு. பருப்பு நுரைத்து ஆவித்துளையை அடைக்கக் கூடும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆவி அதிகம் வெளியேறாது என்பதால் தண்ணீரை ஒன்றேகால் லிட்டராகக் குறைக்கலாம். கொள்ளளவு சிறியதென்றால் எல்லா அளவுகளையும் சேர்த்தே குறையுங்கள். காய்களை மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல் பெரிதாக நறுக்க வேண்டும், ஏனெனில் இடையில் திறந்து வரிசையாகப் போட முடியாது. தக்காளி, கீரை, பால் மூன்றும் குக்கரைத் திறந்த பிறகு.

அழுத்தம் ஏறியபின் சிறுதீயில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக இறங்கும்வரை பொறுத்திருங்கள். அவசரமாக ஆவியை வெளியேற்றினால் கெட்டியான பருப்புச்சாறு துளைவழியே பீறிடும்.

12. மறுநாளுக்கு எடுத்து வைத்தல்

இந்தச் சூப்பை இரண்டு வேளைக்காகச் சமைப்பதே சிக்கனம்; ஒருநாள் வைத்த பிறகு மசாலாவும் உப்பும் ஊறிச் சுவை கூடுகிறது. ஆனால் பெரிய பாத்திரத்தை அப்படியே மூடி இரவெல்லாம் அடுப்பிலேயே விட்டுவிடக் கூடாது, வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி. ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும்; நிறைந்த பாத்திரத்தின் மையம் அந்த வெப்பத்தைக் கடந்து குளிரப் பல மணி நேரம் ஆகும்.

உண்டு முடித்ததும் மீதியை ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஊற்றி, சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும். பாஸ்தாவோ அரிசியோ சேர்த்து உண்பவர்கள் அவற்றைத் தனியே வேகவைத்துக் கிண்ணத்தில் மட்டும் சேர்ப்பது நல்லது. சூப்பிலேயே கிடந்தால் சாற்றையெல்லாம் உறிஞ்சி ஊதிக் கூழாகிவிடும். மீந்த சோற்றை வெளியே வைத்திருக்கவே கூடாது. சமைத்த பின்னும் உயிரோடிருக்கும் பாக்டீரியா வித்துகள் அதில் நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

ஃப்ரீசரில் வைப்பதானால் உருளைக்கிழங்கு இல்லாமல் சமைப்பதே சரி, ஏனெனில் உறைந்து இளகிய கிழங்கு மணல்போல் நொறுநொறுவென்று ஆகிவிடும். பால் பொருள்களையும் சூடாக்கிய பிறகே சேர்க்க வேண்டும். உறையும்போது நீர் விரிவடைவதால் டப்பாவின் மேல்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைகுளிரில் இரண்டு மூன்று மாதங்கள்வரை சுவை குன்றாமல் இருக்கும். தேவைப்படும் நாளுக்கு முந்தைய இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மாலைக்குள் இளகிவிடும்.

சூடாக்கும்போது உண்ணப்போகும் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த பருப்பு களிபோல் இறுகியிருக்கும். அரைக் கோப்பை கொதிநீர் ஊற்றி, அடிவரை கிளறியபடி சிறுதீயில் இளக்கி, பிறகு நடுவிலும் குமிழிகள் எழும்வரை கொதிக்க விட வேண்டும். ஓரங்களில் மட்டும் கொதித்தால் உள்ளே இன்னும் குளிர்ந்தே இருக்கலாம். தண்ணீர் சேர்ந்திருப்பதால் உப்பை மறுபடி பார்த்து, எலுமிச்சையைப் புதிதாகப் பிழிந்து பரிமாறுங்கள்; முந்தைய நாள் பிழிந்ததன் மணம் இந்நேரம் போயிருக்கும்.